ஒரு தொகுதி, முப்பத்து மூன்று ஆண்டுகள்
சொல்லின் செல்வர் செ. இராசதுரை அவர்களின் பாராளுமன்ற வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

ஒரு நாட்டின் வரலாறு அரசர்களையும் போர்களையும் மாத்திரம் கொண்டதன்று. மக்கள் தம்முள் ஒருவரைத் தெரிந்து, தமக்காகப் பேசும்படி அனுப்பிவைத்த சபைகளின் வரலாறும் அதனுள் அடங்கும். மிஷன் பாடசாலைகளிற் கற்ற எம்மிற் பலர் பேர்க்கும் கிளாட்ஸ்டனும் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் ஆற்றிய பணிகளை ஆண்டும் திகதியுமாக மனனஞ் செய்தோம். ஆயின், எமது மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து 33 ஆண்டுகள் இடைவிடாது கொழும்புச் சபைக்குச் சென்ற ஒருவரைப் பற்றி நான்கு வரிகளேனும் படித்தோமல்லோம். அக்குறையைச் சிறிதளவாவது போக்க எண்ணியே இம்மலரில் இக்கட்டுரையை வரைகின்றோம்.

நெடுங்காலம் சட்டசபையில் இருப்பது தன்னளவிலேயே ஒரு பெருமையா என்ற வினா பல நாடுகளிலும் எழுந்துள்ளது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோன் டிங்கல் என்பார் 1955 முதல் 2015 வரை, 59 ஆண்டுகளுக்கு மேலாகப் பிரதிநிதிகள் சபையில் இருந்தார். அவருக்கு முன் அவ்வாசனத்தில் 1933 முதல் அமர்ந்திருந்தவர் அவருடைய தந்தையார். தந்தையார் தொடங்கிவைத்த தேசிய சுகாதாரக் காப்புறுதி மசோதாவை மகனார் ஒவ்வொரு புதிய சபையிலும் மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார் என்பர். அன்னாரின் நீண்ட காலத்துக்குப் பொருள் தந்தது ஆண்டுகளின் எண்ணிக்கையன்று. அவ்வாண்டுகளை அவர் செலவிட்ட வகையே. இவ்வளவுகோலையே கையிற் கொண்டு எம் மண்ணின் நெடுங்காலப் பிரதிநிதியை நோக்குவோமாக.

நிலமும் மக்களும்

திரு. செ. இராசதுரை அவர்களின் வாழ்வை அறிய வேண்டுமாயின் அவர் நின்ற நிலத்தை முதலில் அறிதல் வேண்டும். இன்று அம்பாறை மாவட்டம் என்று நாம் வழங்கும் பகுதி 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. கல்முனையும் காரைதீவும் நிந்தவூரும் அக்கரைப்பற்றும் மட்டக்களப்புக் கச்சேரியையே நோக்கியிருந்த காலம் அது. ஆகவே அக்காலத்து மட்டக்களப்பு அரசியல் எமக்கு அயலூர் அரசியலன்று. எம் சொந்த அரசியலே.

இக்கரையோரத்தின் அமைப்பு யாழ்ப்பாணத்தின் அமைப்பைப் போன்றதன்று. இங்கே தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாலையிற் கோத்த இருநிற மணிகள் போல அடுத்தடுத்து அமைந்துள்ளன. வயலும் வாய்க்காலும் சந்தையும் இரு சாராருக்கும் பொது. தாய்மொழியும் ஒன்றே. எனினும் ஒரு சாரார் மாத்திரம் தம் வாக்குகளால் மாவட்டம் முழுவதையும் ஆள முடியாது. இதற்குமேல், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தினால் நீர் வந்தது. நீருடன் குடியேற்றமும் வந்தது. 1956 ஜூன் மாதத்திற் கல்லோயாவில் இனக்கலவரம் மூண்டு தமிழர் பலர் உயிரிழந்தனர். காணி, நீர், பாதுகாப்பு ஆகிய இம்மூன்றுமே கிழக்கிலங்கைப் பிரதிநிதி ஒருவரின் மேசைமேல் எந்நாளும் கிடந்த விடயங்கள். இம்மூன்றிற்கும் திறவுகோல் அரசாங்கத்தின் கையில் இருந்தது என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்வாராக. பின்னே வரும் நிகழ்ச்சிகளை விளங்கிக்கொள்ள அது உதவும்.

எழுத்தும் மேடையும்

திரு. இராசதுரை அவர்கள் 1927ஆம் ஆண்டு ஜூலை மாதம் 27ஆந் திகதி பிறந்தார். செல்வமோ பரம்பரைப் பதவியோ அவரை அரசியலுக்குக் கொண்டுவரவில்லை. எழுதுகோலும் நாவன்மையுமே கொண்டுவந்தன. தந்தை செல்வா எனப் போற்றப்படும் திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்கள் 1947இல் நிறுவிய "சுதந்திரன்" பத்திரிகையிலே அவர் பணியாற்றினார். 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தோன்றியபோது அதன் கொள்கைகளைக் கிழக்கின் பட்டிதொட்டியெங்கும் எடுத்துச் சென்ற இளைஞர்களுள் முன்னணியில் நின்றார். வானொலியும் அருகியிருந்த அந்நாளில், ஆலய வீதியிலும் சந்தைத் திடலிலும் விளக்கொளியில் நடந்த கூட்டங்களே மக்களின் அரசியற் கல்லூரி. அக்கல்லூரியில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் அவருக்குச் "சொல்லின் செல்வர்" என்ற பெயரைத் தேடித்தந்தன. அடுக்குத் தமிழும் இலக்கிய மேற்கோளும் கலந்த அப்பேச்சைக் கேட்பதற்காகவே மாட்டுவண்டி கட்டிச் சென்றவர்கள் உண்டு எனப் பெரியோர் கூறக் கேட்டுள்ளோம்.

ஆறு தேர்தல்கள்

1956ஆம் ஆண்டுத் தேர்தல் சிங்களம் மட்டும் என்ற முழக்கம் தெற்கில் அலையென எழுந்த தேர்தல். அத்தேர்தலிலே தமிழரசுக் கட்சி 10 ஆசனங்களைப் பெற்றது. மட்டக்களப்பில் திரு. இராசதுரை வெற்றியடைந்தார். அப்போது அவருக்கு வயது 28. அதே தேர்தலில் எமது கல்முனையில் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர் அவர்களும், பொத்துவிலில் திரு. எம். எம். முஸ்தபா அவர்களும் தமிழரசுக் கட்சியின் சார்பிலேயே வெற்றிபெற்றனர் என்பதை இன்றைய இளைஞருட் பலர் அறியார். தமிழ் பேசும் மக்கள் என்ற ஒரே பெயரின்கீழ் இரு சமூகத்தவரும் வாக்களித்த அந்த ஆண்டு எம் கரையோர வரலாற்றிற் பொன்னெழுத்திற் பொறிக்கத்தக்கது. ஆயினும் அவ்வொற்றுமை நீடிக்கவில்லை. காரியப்பர், முஸ்தபா ஆகிய இருவரும் விரைவிலேயே கட்சியை விட்டு அரசாங்கத்தின் பக்கம் சென்றனர். முஸ்தபா அவர்கள் 1959இன் இறுதியில் நிதியமைச்சராகவும் விளங்கினார்.

மட்டக்களப்பின் பிரதிநிதியோ கட்சியுடனேயே நின்றார். 1957 ஜூலையில் எழுதப்பட்ட பண்டா - செல்வா ஒப்பந்தம் அடுத்த ஆண்டு ஏப்பிரலிற் கிழித்தெறியப்பட்டதையும், அதன்பின் வந்த கலவரத்தையும் அவர் கண்டார். 1961இல் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து தலைவர்களைக் கைதுசெய்தது. பனாகொடை இராணுவ முகாமிற் பல மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டவர்களுள் இவரும் ஒருவர்.

1960 மார்ச் முதல் மட்டக்களப்பு இரண்டு அங்கத்தவர்களைத் தெரிவுசெய்யும் இரட்டைத் தொகுதியாயிற்று. தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இடத்தில் இரு சமூகத்தவர்க்கும் பிரதிநிதித்துவம் கிடைத்தற்குரிய ஏற்பாடு இது. இதனால் எந்த வேட்பாளரும் அயற் சமூகத்தைப் பகைத்துக்கொண்டு நிம்மதியாக இருத்தல் இயலாது. 1960 மார்ச், 1960 ஜூலை, 1965, 1970, 1977 எனத் தொடர்ந்து வந்த ஐந்து தேர்தல்களிலும் இத்தொகுதி இவரை அனுப்பியது. 1956ஐயும் சேர்த்தால் ஆறு வெற்றிகள். தோல்வி ஒன்றேனும் இல்லை.

இதன் அருமையை ஓர் ஒப்பீட்டினால் உணரலாம். தந்தை செல்வாவே 1952இற் காங்கேசன்துறையில் தோல்வி கண்டவர். 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் வட்டுக்கோட்டையில் திரு. அ. அமிர்தலிங்கமும் தோற்றார். அதே 1970இல் மட்டக்களப்பிலும் காற்று எதிராகவே வீசியது. சுயேச்சையாக நின்ற திரு. இராஜன் செல்வநாயகம் முதலிடத்தைப் பெற்றார். எனினும் இரண்டாம் இடத்தினைப் பெற்று இராசதுரை தம் ஆசனத்தைக் காத்துக்கொண்டார்.

இக்காலத்தில் அவர் வகித்த இன்னொரு பதவியும் குறிப்பிடத்தக்கது. 1965இல் தமிழரசுக் கட்சி திரு. டட்லி சேனநாயக்காவின் தேசிய அரசாங்கத்திற் பங்குகொண்டது. அக்கட்சியைச் சேர்ந்த செனட்டர் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். 1967இல் மட்டக்களப்பு மாநகரசபை உருவாயிற்று. அதன் முதலாவது மாநகர முதல்வர் திரு. இராசதுரை. அரசாங்கத்தோடு சேர்ந்திருந்தால் ஊருக்கு என்ன கிடைக்கும் என்பதை அவர் அக்காலத்திற் கண்டிருக்கக் கூடும். திருகோணமலையிற் கோணேசர் ஆலயச் சூழலைப் புனிதப் பிரதேசமாக்கும் முயற்சி தடுக்கப்பட்டபோது 1968இல் திருச்செல்வம் பதவி துறந்தார். அரசாங்கத்தோடு சேர்ந்திருந்தும் எதைப் பெறமுடியாது என்பதையும் அக்காலமே காட்டியது.

சூறாவளியும் கட்சி மாற்றமும்

1976 மே மாதம் வட்டுக்கோட்டையிலே தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. 1977 ஏப்பிரலில் தந்தை செல்வா மறைந்தார். ஜூலையில் நடந்த தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்று எதிர்க்கட்சியாயிற்று. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

அத்தேர்தலில் மட்டக்களப்பில் ஒரு விந்தை நிகழ்ந்தது. கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் இராசதுரை போட்டியிட, தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்திற் கவிஞர் காசி ஆனந்தன் போட்டியிட்டார். ஒரே வீட்டார் இருவர் ஒரே முற்றத்தில் எதிர் எதிராக நின்ற நிலை அது. முடிவில் இராசதுரை 26,000க்கு மேற்பட்ட வாக்குகளால் முதலிடம் பெற்றார். ஐக்கிய தேசியக் கட்சியின் திரு. பரீத் மீராலெப்பை இரண்டாம் ஆசனத்தைப் பெற்றார். காசி ஆனந்தன் தோற்றார். தேர்தல் முடிந்தது; மனக்கசப்பு முடியவில்லை. 1956 முதல் ஒருமுறையேனும் தோல்வியுறாத தம்மைக் கட்சி மதித்த வகை இதுதானோ என்ற எண்ணம் அவருடைய ஆதரவாளரிடையே வேரூன்றியது.

1978 நவம்பர் 23ஆந் திகதி இரவை எம் பெரியோர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மட்டக்களப்பையும் அம்பாறையையும் சூறையாடிய அப்புயலில் ஆயிரத்தை அண்மிய உயிர்கள் மடிந்தன. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. பாடசாலைகளும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் ஒருங்கே கூரையிழந்தன. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் உதவி வந்தது உண்மையே. ஆயினும் வீட்டைக் கட்டவும் வாய்க்காலை வெட்டவும் அரசாங்கத்தின் கதவையே தட்டவேண்டியிருந்தது.

நான்கு மாதங்கள் செல்லுமுன், 1979 மார்ச்சில், திரு. இராசதுரை கூட்டணியை விட்டு ஐக்கிய தேசியக் கட்சியிற் சேர்ந்து அமைச்சரானார். அதற்குச் சற்று முன்னர், பெப்ரவரியில், 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிற்கு இரண்டாவது திருத்தம் நிறைவேறியது. கட்சியை நீங்கும் அங்கத்தவரின் ஆசனம் தானாகவே வெற்றிடமாகாமல், பாராளுமன்றத்தின் தீர்மானத்தைப் பொறுத்திருக்க அது வழிசெய்தது. ஒரு தனி மனிதரின் வருகைக்காக நாட்டின் அடிப்படைச் சட்டத்திலேயே ஒரு வாயில் திறக்கப்பட்டது என்று இதனைப் பலர் விமர்சித்தனர்.

கட்சி மாறிய முதல்வர் அவரல்லர். பொத்துவில் தொகுதியிற் கூட்டணியின் சார்பில் வெற்றிபெற்ற திரு. எம். கனகரத்தினம் 1977 டிசம்பரிலேயே அரசாங்கத்தின் பக்கம் சென்றவர். 1978 ஜனவரியிற் கொழும்பில் அவர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. காயத்திலிருந்து முற்றும் தேறாது 1980இற் காலமானார். அந்த நிகழ்ச்சிக்குப் பின்னரும் இராசதுரை அவ்வழியே சென்றார் என்றால், அதனை வெறும் பதவியாசை என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுதல் பொருந்தாது. துணிவும் அதில் இருந்தது. ஆயின் துணிவுடைய செயலெல்லாம் நேரிய செயலாகிவிடும் என்றும் நாம் கூறவில்லை.

அமைச்சராகச் செய்தவை

பிரதேச அபிவிருத்தியுடன் இந்து சமய, தமிழ் அலுவல்களும் அவருடைய பொறுப்பில் வந்தன. 1982இற் கொழும்பில் உலக இந்து மாநாடு நடைபெற்றது. அதே ஆண்டில் மட்டக்களப்புக் கல்லடியிற் சுவாமி விபுலாநந்தரின் பெயரால் இசை நடனக் கல்லூரி எழுந்தது. காரைதீவிற் பிறந்து "யாழ்நூல்" தந்த அப்பெருமகனுக்கு அவர் வாழ்ந்த மண்ணிலே உயிருள்ள நினைவுச்சின்னம் அது. பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த நிறுவகமாயிற்று. வீணையும் மிருதங்கமும் பரதமும் பயில வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகள் இந்தியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ செல்லாமல் ஊரருகே கற்கும் நிலையை அது உண்டாக்கியது. இந்து சமய அலுவல்களுக்கெனத் தனியான அரச திணைக்களமும் 1980களிலேயே உருவாயிற்று. இன்று எம் சங்கம் போன்றவை நடாத்தும் அறநெறிப் பாடசாலைகள் பதிவுசெய்யப்படுவதும் நூல்கள் பெறுவதும் அத்திணைக்களத்தின் மூலமே. எம் சிறுவர் கையிலுள்ள சமயப் பாடநூலுக்குப் பின்னால் இவ்வரலாறும் இருக்கின்றது.

மறுபக்கத்தையும் கூறுதல் கடன். 1983 ஜூலையில் நாடு பற்றி எரிந்தது. ஆகஸ்டில் நிறைவேறிய ஆறாவது திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தை ஏற்கமறுத்த கூட்டணியினர் தம் ஆசனங்களை இழந்தனர். இராசதுரையும், கல்குடாவின் பிரதிநிதி திரு. கே. டபிள்யு. தேவநாயகமும், மலையகத் தலைவர் திரு. எஸ். தொண்டமானும் அமைச்சரவையில் இருந்தும் அந்த நெருப்பைத் தடுக்க முடியவில்லை. 1985 ஏப்பிரலில் எம் காரைதீவு, கல்முனைப் பகுதியிலேயே தமிழரும் முஸ்லிம்களும் மோதிக்கொண்டபோது, 1956இன் பொன்னான ஒற்றுமை சாம்பராகிக் கிடந்தது. கட்டடம் எழுப்ப வல்ல அமைச்சுப் பதவி, உயிர்களைக் காக்க வல்லதாய் இருக்கவில்லை.

எவ்வாறு மதிப்பிடுவது?

இனி, நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு வருவோம். 1774இல் பிரிஸ்டல் நகர வாக்காளர்முன் பேசிய எட்மண்ட் பேர்க், பிரதிநிதி என்பவன் மக்களின் ஆணையை அப்படியே காவிச்செல்லும் தூதனல்லன், தன் அறிவையும் அவர்களுக்குக் கடமைப்பட்டவன் என்னும் கருத்தை நிலைநாட்டினார். கட்சி மாறுவோர் யாவரும் பேர்க்கைத் துணைக்கழைப்பது வழக்கம். ஆயின் கதையின் பிற்பகுதியை அவர்கள் கூறுவதில்லை. 1780இல் பேர்க் மீண்டும் பிரிஸ்டல் மக்கள்முன் வந்தார். அவர்கள் ஆதரவு தமக்கில்லை என்று கண்டு, போட்டியினின்றும் விலகினார். தன் அறிவின்படி நடந்தவர், அதன் விலையையும் செலுத்தினார்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் செனட்டர் ஸ்ட்ரோம் தேர்மண்ட் 1964இல் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறினார். அவர் கொண்ட கொள்கைகள் பலவற்றை நாம் ஏற்கோம். எனினும் 1966இல் புதிய கட்சியின் பெயரால் மக்களிடம் வாக்குக் கேட்டார், அவர்கள் அளித்தனர், 2003 வரை செனட்டில் இருந்தார். அங்கே தீர்ப்பைக் கூறியவர் வாக்காளரே.

எம் மட்டக்களப்புக்கோ அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. 1982 டிசம்பர் 22ஆந் திகதி நடந்த மக்கள் தீர்ப்பின் மூலம், 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுள் பொதுத்தேர்தலின்றியே நீடிக்கப்பட்டது. உதயசூரியனுக்கு ஒருமுறை அளித்த வாக்கின்மேல், அவர் பச்சைக் கட்சியின் அமைச்சராகப் பத்தாண்டு அளவும் இருந்தார். அதனைத் தொகுதி மக்கள் ஏற்றனரா, மறுத்தனரா? அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. 33 ஆண்டுகள் என்று நாம் பெருமையோடு எண்ணும்போது, முதல் 23 ஆண்டுகளையும் பின் பத்தாண்டுகளையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது என்பதே எம் துணிபு. முன்னையவை மக்கள் ஆறுமுறை கையொப்பமிட்டுக் கொடுத்தவை. பின்னையவற்றில் அக்கையொப்பம் இல்லை.

இது இராசதுரை ஒருவர்மேல் மாத்திரம் சுமத்தத்தக்க குறையன்று. தேர்தலை ஒத்திவைத்தது அக்காலத்து அரசாங்கம். மக்கள் அன்று கேட்கப்பட்டிருந்தால் அவரை மீண்டும் அனுப்பியிருக்கவுங் கூடும். வீடிழந்தோரும் வேலையற்றோரும் மலிந்திருந்த தொகுதியில் அமைச்சருக்கு ஆதரவு இல்லாமற் போயிருக்கும் என்று எவரால் உறுதிகூற முடியும்? நாம் சொல்வது வேறு. நல்லது செய்தார் என்பதனால் கேளாமற் செய்தது சரியாகிவிடாது. கேளாமற் செய்தார் என்பதனால் செய்த நல்லதும் இல்லாமற் போகாது. இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்திருக்கக் கற்றலே வரலாற்றுக் கல்வியின் பயன். எம்மிடையே தலைவர்களைப் பற்றிப் பேசும்போது தியாகி, துரோகி என்ற இரு சொற்களே நாவில் எழுகின்றன. இரண்டுக்கும் இடையில் எத்தனையோ மனிதர்கள் வாழ்ந்து, உழைத்து, தவறி, மறைந்துள்ளனர். அவர்களை எண்ணிப் பார்க்க மேலும் சில சொற்கள் எமக்குத் தேவை.

முடிவுரை

1989 பெப்ரவரித் தேர்தலுடன் மாவட்ட விகிதாசாரமுறை நடைமுறைக்கு வந்தது. தனித் தொகுதிகளும் இரட்டைத் தொகுதிகளும் வரலாறாயின. திரு. இராசதுரை அவர்களின் பாராளுமன்றப் பயணமும் அவ்வாண்டுடன் நிறைவுற்றது. பின்னர் மலேசியாவில் இலங்கையின் உயர் ஸ்தானிகராகப் பணியாற்றினார்.

அன்னாரின் வாழ்விலிருந்து வாலிப அங்கத்தவராகிய நாம் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, பொருளும் குலப்பெருமையும் இன்றி, தமிழையும் உழைப்பையும் துணையாகக் கொண்டு ஓர் இளைஞன் 28 வயதில் நாட்டின் உயர் சபையில் அமர முடிந்தது. இரண்டாவது, எம் கரையோரத்தில் அயலவரைப் பகைத்துக்கொண்டு எச்சமூகமும் உயரமுடியாது. இரட்டைத் தொகுதி சட்டப் புத்தகத்தினின்றும் மறைந்தாலும், கல்முனைச் சந்தையிலும் வயல் வரம்பிலும் அது இன்னும் இருக்கவே இருக்கின்றது. மூன்றாவது, வாக்கு என்பது கொடுத்து மறந்துவிடும் காணிக்கையன்று. கணக்குக் கேட்கும் உரிமையோடு கொடுக்கும் நம்பிக்கை.

சங்கத்தின் பொதுக்கூட்டத்திலே செயலாளரையும் பொருளாளரையும் ஆண்டுதோறும் கணக்குக் கேட்கின்றோம். நூறு ரூபா குறைந்தாலும் எழுந்து நின்று வினவுகின்றோம். எம் சார்பிற் சட்டமியற்றச் செல்பவரிடமும் அவ்வாறே வினவப் பழகுவோமாக. அப்பழக்கம் எம் தலைமுறையில் வேரூன்றுமாயின், அதுவே எமக்கு முன் வாழ்ந்த வாக்காளர்களுக்கும் அவர்கள் ஆறுமுறை நம்பி அனுப்பிய பிரதிநிதிக்கும் நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.